கற்பூரத் தண்ணீர்

786

பதுளை,
3 செப்டெம்பர் 1980

அன்புள்ள ஜௌபர் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஜித்தா வெயிலுக்கு உங்கள் உடம்பு பழகியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே வாப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. மாமி எப்போதும்போல எல்லோரையும் பார்த்துக்கொள்கிறார். நான் படுத்தபடியே கடிதம் எழுதும் அளவுக்கு நலம்.

இன்னும் மழை இல்லை. எதிர்மலையில் மானாப்புல்லுக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். பகலில் புகை மட்டும் தெரிகிறது, இருட்டினால் மலையில் சிவப்புக் கோடு ஒன்று நெளிகிறது. என் ஜன்னலுக்கு இது நல்ல காலம்.

நோன்புப் பெருநாளுக்கு நீங்கள் அனுப்பிய கேசட் வந்து சேர்ந்தது. வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் முன் அறையில் போட்டார்கள். ரேடியோப் பெட்டியை என் அறைக்குக் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே உங்கள் குரலைச் சுவருக்கு இந்தப் பக்கத்தில் இருந்துதான் கேட்டேன். முதலாளியின் பூனையைப் பற்றிச் சொல்லிச் சிரித்தீர்கள், நானும் இங்கே சிரித்தேன். பிறகு “மர்லியாட விஷயம்” என்று ஆரம்பித்தீர்கள். உடனே பொத்தானை அமத்தும் சத்தம், நாடா விர்ரென்று ஓடும் சத்தம். மறுபடி உங்கள் குரல் வந்தபோது சாரத்தின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். மாமியிடம் கேட்டேன். “நாடா சிக்கிட்டு மகள், அதான் ஓட்டின” என்றார். சிக்கிய நாடா அவ்வளவு சுகமாக ஓடுமா?

அடுத்த வாரமே வேலாயி வேலையை விட்டுவிட்டாளாம். ‘விட்டுவிட்டாளாம்’ என்று எழுதக் காரணம், அவள் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. விபத்து நடந்த வருடத்தில் இருந்து, உம்மா இருந்த நாளிலேயே, ஹாலிஎலத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்து காலை பஸ்ஸில் வந்து என்னைத் தூக்கி, குளிப்பாட்டி, துணி மாற்றியவள் அவள். நீங்கள் அவளை ஒரு வேலைக்காரியாக மட்டும் பார்த்திருப்பீர்கள். அவள் வந்ததும் என்ன செய்வாள் தெரியுமா? கதவு நிலையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். தோட்டத்தில் விடியும்போது ஆட்கள் பெரட்டுக்கு வரிசையாக நிற்க, யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று கங்காணி பிரித்துவிடுவாரே, அந்த மாதிரி. “இன்னைக்கு எந்த மலைங்க பாப்பா?” என்பாள். தலைமலை என்றால் முடி கழுவுவாள். முதுகுமலை என்றால் என்னைப் புரட்டிப் புண் வருகிறதா என்று பார்த்து எண்ணெய் பூசுவாள். இன்றைக்கு மழை, வேலை இல்லை என்று நான் சொன்னால், “அப்ப எனக்கு அரைப்பேருதான் போடுவீங்க, அரைநாள் கூலிய வச்சு நான் எப்படிங்க பொழைக்கிறது” என்று முந்தானையால் பொய்யாகக் கண்ணைத் துடைப்பாள்.

விளையாட்டுத்தான். ஆனால் நான்கு வருடமாக இந்த வீட்டில் என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்டது அந்த விளையாட்டு ஒன்றுதான்.

“தோட்டத்துல பேர் பதிஞ்சிட்டாள், இனி வரமாட்டாள்” என்கிறார் மாமி. இருக்கலாம். ஆனால் அவளுடைய மரச்சீப்பு என் ஜன்னல் கட்டையில் கிடக்கிறது. வேலையை விட்டுப் போகிறவள் சீப்பை எடுத்துக்கொண்டு போகமாட்டாளா?

அவளுக்குப் பதிலாக ரஹ்மத்தும்மா என்று ஒருவர் வருகிறார். வெள்ளைச் சேலை, வயது ஐம்பதுக்கு மேல், ஆண்பிள்ளையின் தோள். “நம்மட ஆள்தான் மகள், நல்லாப் பழகின கை” என்றார் மாமி. எங்கே பழகிய கை என்று கேட்டேன். குசினியில் ஏதோ அடிப்பிடிக்கிறது என்று போய்விட்டார்.

முதல் நாள் வாசலில் நின்று என்னைத் தலையில் இருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். தையற்காரர் துணி அளவு எடுக்குமுன் பார்ப்பாரே, அப்படி. பேச்சே இல்லை, வாய்க்குள் எதையோ ஓதிக்கொள்கிறார். என்னை முழுதாக ஒரு வெள்ளைத் துணியால் மூடிவிட்டுத் துணிக்குக் கீழேதான் கழுவுகிறார். முதலில் கை, பல், மூக்கு, முகம். பிறகு வலது பக்கம் முழுக்க, அது முடிந்தால்தான் இடது பக்கம். ஒரு நாளும் மாறியதில்லை. வயிற்றை மெல்ல அமத்துகிறார், ஏன் என்று தெரியவில்லை. முடியை மூன்று பின்னலாகப் பின்னித் தலைக்குப் பின்னால் போட்டுவிடுகிறார். கடைசிச் செம்புத் தண்ணீரில் கற்பூரம் மணக்கிறது. வெயிலில் வரும் ஊறல் அரிப்புக்கு நல்லது என்கிறார் மாமி.

அவர் தூக்கும் விதத்தில் குறை சொல்ல முடியாது. வேலாயி தூக்கினால் கட்டில் காலில் என் முழங்கால் இடிக்கும், இருவரும் திட்டிக்கொள்வோம். இவர் கையில் எனக்குப் பாரமே இல்லை. ஆனால் அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, நானா. எனக்கு ஒரு நினைவு வந்து வந்து போகிறது. அது சரிதானா என்று தெரியாமல் எழுதமாட்டேன்.

இதை மாமியிடம்தான் தபாலுக்குக் கொடுக்கவேண்டும். அவருக்கு அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும். ஆனாலும் கடையில் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். அப்படி வாசிப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கும் என் ஸலாம்.

நீங்கள் என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். உங்கள் வேலையில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

உங்கள் தங்கை
மர்லியா


786

பதுளை,
26 செப்டெம்பர் 1980

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் மாமியின் கையால் போகவில்லை. ரஹ்மத்தும்மா தன் முந்தானைக்குள் வைத்துத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோகிறார். போன கடிதத்தில் அவரைச் சந்தேகப்பட்ட நானே இதை எழுதுகிறேன், சிரிக்காதீர்கள். இதைப் போடுவார் என்று முக்கால்வாசி நம்புகிறேன். மீதியை உங்கள் பதில் வந்தபிறகு நம்புவேன்.

உம்மா மௌத்தான அன்று நீங்கள் ஜித்தாவில் இருந்தீர்கள். நான் இதே கட்டிலில், இதே இடத்தில் இருந்தேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உம்மாவைக் குளிப்பாட்டினார்கள். என்னை அங்கே தூக்கிக்கொண்டு போக யாருக்கும் நேரம் இருக்கவில்லை. ஆகவே நான் காதால்தான் அங்கே இருந்தேன். ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு மறுபக்கம். யாரோ மெல்ல ஓதினார்கள். கடைசியில் பலகை இடுக்கு வழியாகக் கற்பூரம் மணத்தது.

ஆம், நானா. உம்மாவைக் குளிப்பாட்டியது ரஹ்மத்தும்மாதான். பதுளையில் நம் பெண்கள் மௌத்தானால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அது ஒன்றே அவருக்குத் தெரிந்த குளிப்பு. அதையே எனக்கும் செய்துகொண்டிருந்தார், உயிரோடு இருக்கும் எனக்கு, ஒரு முறையும் பிசகாமல்.

வெளிப்பட்டது இப்படித்தான். போன புதன்கிழமை தண்ணீர் பொறுக்கமுடியாத சூடு. வலது தோளில் விழுந்ததும் நான் “சூடு” என்று கத்திவிட்டேன். அவர் செம்பைக் கீழே போட்டு, யா அல்லாஹ் என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எனக்குத்தான் பயம் வந்தது, இவரை யார் தூக்குவது என்று. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, “என்ட கையால குளிச்ச ஒத்தரும் இதுவரைக்கும் வாய் தொறக்கல்ல மகள்” என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. ஈரத் துணிக்குக் கீழே நானும் தரையில் அவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிரிப்பு முடியும்போது எனக்கு நடுக்கம் வந்துவிட்டது. தண்ணீர் ஆறிப்போயிருந்தது, அதனாலாக இருக்கும்.

ஏன் இத்தனை நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்டேன். “மாமி சொன்னாங்க, புள்ளக்கிக் கதச்சாப் புடிக்காதாம், மொகத்தப் பாத்தா அழுமாம்” என்றார். நான் அப்படிச் சொன்னதே இல்லை. கற்பூரம் எதற்கு என்றேன். “அது போடாட்டி எனக்கு வேல முடிஞ்ச மாதிரியே இல்ல மகள்” என்று வெட்கப்பட்டார்.

மாமியைக் கூப்பிட்டேன். நான் பேசிய பேச்சை எழுதமாட்டேன். பெரியவரிடம் பேசக்கூடாத பேச்சு. மாமி அழவில்லை, கோபப்பட்டார். முன் அறைக்குப் போய் ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் கட்டிலில் வைத்தார். “கேளுங்க. நான் என்ட எண்ணத்துக்கு ஒண்டும் செய்யல்ல” என்று நாடாவைத் திருப்பிப் போட்டார்.

உங்கள் குரல், நானா. பக்கத்தில் இருந்து பேசுவதைப்போல அவ்வளவு தெளிவு. தோட்டத்துப் பொம்பிளை ஒருத்தி என்னைக் குளிப்பாட்டுகிற கதை ஜித்தா வரைக்கும் வந்து, நம் ஊரார் உங்களிடம் கேட்கிறார்களாம். நிறுத்திவிடவேண்டுமாம். “நம்மட ஆளா இரிக்கோணும். பழகின கையா இரிக்கோணும். கண்டத வெளிய சொல்லாத வாயா இரிக்கோணும்.” கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு, “மர்லியாக்கிட்டக் கேட்டுக்கொண்டு இரிக்காதீங்க மாமி, அவள் அழுவாள்” என்றீர்கள்.

மாமி பெட்டியை நிறுத்தினார். “நம்மட ஆள், பழகின கை, மூடின வாய். இந்த மூணும் சேந்த வேற பொம்பள பதுளைல இரிந்தா நீங்களே காட்டுங்க மகள், கூட்டி வாறன்” என்றார். அவர் சொன்னது சரி. நீங்கள் கடல் கடந்து இருந்து சொன்ன மூன்றையும் ஒன்றுகூட விடாமல் மாமி தேடிப் பிடித்திருக்கிறார்.

இவ்வளவு நாளாக நான் மாமியைச் சந்தேகப்பட்டு உங்களிடம் முறைப்பாடு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது யாரைச் சந்தேகிப்பது, யாரிடம் முறையிடுவது?

லுணுகலைக் கலியாணத்துக்குப் போய்த் திரும்பும்போது வேன் புரண்டதே, அதை ஓட்டியவர் நீங்கள் என்பதை இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் பேசியதில்லை, இனியும் பேசமாட்டேன். ஆனால் அதனால்தானோ என்னவோ, என் விஷயத்தில் நீங்கள் சொல்வதை வாப்பாகூட மறுப்பதில்லை. நீங்கள் எனக்காக எவ்வளவு அதிகமாகச் செய்கிறீர்களோ அவ்வளவுக்கு நான் இந்தக் கட்டிலில் சுருங்கிப்போகிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. ஹாஜிகளின் கூட்டத்தில் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நேரம் கிடைக்கும்போது, நான் கடைசியாக உங்கள் முன்னால் எப்போது அழுதேன் என்று யோசித்துப் பாருங்கள்.

தங்கை
மர்லியா


786

பதுளை,
2 நவம்பர் 1980

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடியாக முடிந்தது. மழை பிடித்துவிட்டது. எதிர்மலையில் எரிந்த இடமெல்லாம் பச்சை விட்டிருக்கிறது. வாப்பாவின் இருமல் மழையோடு திரும்பி வந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய பேரீச்சம்பழத்தில் பாதியை மாமி பக்கத்து வீடுகளுக்குப் பங்கிட்டார், மீதியை எறும்பு பங்கிட்டுக்கொண்டது.

என் இரண்டாவது கடிதத்துக்குப் பதில் இல்லை. அது உங்களுக்கு வந்துசேரவில்லையா, வந்தும் எழுதமுடியவில்லையா என்று தெரியவில்லை. ரஹ்மத்தும்மாவிடம் கேட்டேன். “என்ட கையில தந்ததெல்லாம் போக வேண்டிய எடத்துக்குப் போய்த்தான் இரிக்கி மகள்” என்றார். அவர் தொழிலை நினைத்துக்கொண்டு அதற்குமேல் கேட்கவில்லை.

வேலாயியைப் பார்த்தேன். ரஹ்மத்தும்மா ஒரு ஜனாஸா வேலைக்கு ஹாலிஎலைக்குப் போனார். போன இடத்தில் தோட்டத்துக்கும் ஏறி, எந்த லயம் என்று விசாரித்து, நான் தேடுவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வெள்ளைச் சேலையோடு லயத்து வாசலில் நின்ற அவரைப் பார்த்து யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அங்கே ஒரே கலவரமாம். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்த வேலாயி குசினிப் பக்கமாக வந்தாள். மாமி விலகி வழிவிட்டார்.

நான் நினைத்தபடி அவள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. வாசல் நிலைக்கு வெளியிலேயே நின்றாள். எந்த மலை என்று கேட்கவில்லை. “சீப்ப எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேங்க” என்றாள். ஏன் சொல்லாமல் போனாய் என்று கேட்டேன். “நீங்கதான் வேணாம்னு சொன்னீங்களாமே. தோட்டத்துக் கை நாறுதுன்னு சொன்னீங்களாம். அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்லிட்டுப் போறது?” என்றாள்.

நானா, இந்த வீட்டில் என் பெயரால் இரண்டு பேச்சுப் பேசியிருக்கிறார்கள். எனக்குக் கதைத்தால் பிடிக்காது என்று ஒருவரிடம். அவள் கை நாறுகிறது என்று மற்றவளிடம். இரண்டும் நான் பேசாதவை. நாக்கும் கையும் நன்றாக வேலைசெய்கிற எனக்கே இப்படி என்றால், வாதம் வந்து வாய் இழுத்துக்கொண்டவர்களின் பெயரால் இந்த ஊரில் என்னென்ன பேசப்படுகிறதோ. மாமியிடம் கேட்டதற்கு, “வேற என்ன சொன்னாலும் அவள் போயிரிக்கமாட்டாள்” என்றார். அதுவும் உண்மை என்றுதான் தோன்றுகிறது. அதனாலேயே எனக்கு அது ஆறவில்லை.

வேலாயி என்னை உடனே நம்பவில்லை. சீப்பைக் கையில் எடுத்துவிட்டாள். அப்போது ரஹ்மத்தும்மா முடி கழுவத் தண்ணீரோடு வந்தார். வேலாயி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “என்னங்க இது சூடம் வாட? நாங்க சாமிக்குத்தாங்க கொளுத்துவோம், நீங்க புள்ள மேல கரைச்சு ஊத்துறீங்களா?” என்றாள். ரஹ்மத்தும்மா ஒளிக்காமல் தான் யார் என்று சொன்னார். வேலாயி இரண்டடி பின்னால் போனாள். பிறகு என்னைப் பார்த்தாள். “உசுரு இருக்கிற புள்ளங்க” என்று மட்டும் சொன்னாள். சீப்பை மறுபடி ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

திரும்பி வருகிறாயா என்று கேட்டேன். யோசித்தாள். தோட்டத்தில் இப்போது அவளுக்கு நாள்தோறும் முழுப்பேர் விழுகிறது, முழு நாள் கூலி, அதை விடுவதென்றால் சும்மா இல்லை. “வரலாங்க. ஆனா எத்தன பேரு சொல்லக் கேக்கிறது? மாமி ஒண்ணு சொல்றாங்க, கடை மொதலாளி ஒண்ணு சொல்றாரு, வெளிநாட்டுலருந்து பொட்டி ஒண்ணு சொல்லுது. ஒரு மலைக்கு ஒரு கங்காணி போதுங்க பாப்பா” என்றாள்.

அன்று மாலையே வாப்பாவோடு பேசினேன். உங்களுக்குத் தெரியும், அவர் என் அறைக்குள் வருவதில்லை, திரைக்கு வெளியே கதிரையைப் போட்டுக்கொண்டு பேசுவார். நான் சொன்னது இவ்வளவுதான். என்னைத் தொடுகிற கை எது என்பதை நான் சொல்லவேண்டும். எப்போது குளிப்பது, எப்போது கதவைச் சாத்துவது என்பதும் என் வாயால் வரவேண்டும். அவர்களுடைய சம்பளம் என் கையால் போகவேண்டும், ஏனென்றால் சம்பளம் யார் கையால் போகிறதோ அவர் பேச்சைத்தான் எந்த வேலைக்காரரும் கேட்பார். கெட்ட ஆளை நானே வைத்துவிட்டால் நானே நிறுத்துகிறேன், அதுவும் என் தலையில் இருக்கட்டும். தினமும் காலையில் வேலாயி. வெள்ளிக்கிழமை முடி கழுவ ரஹ்மத்தும்மா. அவரைப்போல முடி கழுவ யாருக்கும் வராது, பின்னல் மட்டும் ஒன்று போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

ரஹ்மத்தும்மாவை வைத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உம்மாவின் கடைசிக் குளிப்பைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார். அந்த வாய் எனக்கு வேண்டும். நீங்கள் கேட்ட மூன்றில் அந்த ஒன்றில் மட்டும் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

வாப்பா இருமினார். வேறு வழியில்லாத நிர்ப்பந்தம் என்றால் பிற மதத்துப் பெண் தொடுவதற்கும் மார்க்கத்தில் இடம் உண்டு என்று அவரே முணுமுணுத்துக்கொண்டார். பிறகு, “ஜௌபருக்கு எழுதிக் கேப்பம் மகள். அவன் சரியெண்டா எனக்கும் சரி” என்று எழும்பிப் போய்விட்டார்.

ஆகவே இப்போது எல்லாம் உங்கள் வாயில் இருக்கிறது. வேலாயி மாதக் கடைசிவரை பொறுப்பாள், அதற்குமேல் தோட்டம் பொறுக்காது. வாப்பாவும் உங்களுக்கு எழுதுவார். அவர் எழுதுவது நான் சொன்னதாக இருக்குமா என்று எனக்கு நிச்சயமில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கோபிக்காதீர்கள், உங்களையும் நான் முழுதாக நம்பவில்லை. அன்பு இருப்பவர்களிடம்தான் எனக்கு இப்போது அதிகப் பயம்.

ஒன்று கேட்கிறேன். ‘சரி, வேலாயியை வையுங்கள்’ என்று சொல்லாதீர்கள். சொன்னால் அது உங்கள் உத்தரவாகிவிடும், இன்னொரு கேசட்டில் அதை நீங்களே மாற்றிவிடலாம். ‘மர்லியாக்கிட்டக் கேளுங்க’ என்று மட்டும் சொல்லுங்கள். கடிதத்தில் வேண்டாம், கேசட்டிலேயே சொல்லுங்கள், முதல் ஸலாமுக்கு அடுத்தபடியாக, யாரும் ஓட்டிவிட முடியாத இடத்தில். வேலாயி சொல்கிற அந்தப் பெட்டி ஒரு தடவையாவது அப்படிச் சொல்லட்டும். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்டுக்கொள்வேன்.

ரஹ்மத்தும்மாவோடு ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறேன். என் முறை வரும் நாளில், அல்லாஹ் அவருக்கு ஆயுளைக் கொடுத்திருந்தால், வலது பக்கத்தில் ஆரம்பித்து, மூன்று பின்னல் போட்டு, கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைத்து, என்னிடம் ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் அவர் விருப்பப்படி செய்யலாம். அதுவரைக்கும், நானா, தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டுவிட்டு ஊற்றட்டும்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்ப்பானாக. வரும்போது என் திரைக்கு வெளியே நின்று ஒரு ஸலாம் சொல்லுங்கள். உள்ளே வாருங்கள் என்று நான் கூப்பிடுவேன்.

தங்கை
மர்லியா